முன்சீட்டு பெல்ட்

– உண்மையைச் சொல்லுங்க. பன்னெண்டு வருஷமா எனக்காக மாத்தாத பெல்ட் பூட்டை இப்ப எவளுக்காக மாத்தறீங்க?

– ஐயோ இன்ஷிராஹ், தெருவுல வச்சு ஆரம்பிக்காதே. முன்சீட்டு பெல்ட் மாட்டினா நிக்கல, கழண்டு கழண்டு வருது. மெக்கானிக் உஸ்தா ஃபானூஸ் பட்டறை நம்ம வீட்டுக்குக் கீழேயே இருக்கு, மாத்திடலாம்னு வந்தேன். அவ்வளவுதான்.

– உஸ்தா, நீங்களே சொல்லுங்க. இந்த அலெக்சாந்திரியாவுல பக்கத்து சீட்டுல பெல்ட்டைப் பூட்டிக்கிட்டு உட்கார்றவங்க யாராவது உண்டா?

– எங்க உம்மு ஸியாத்! போலீஸ்காரன் தலை தெரிஞ்சா எடுத்து நெஞ்சு மேல போட்டுக்குவாங்க. தாண்டினதும் விட்டுடுவாங்க. நானும் அப்படித்தான்.

– நானும் அப்படித்தான்! அதுவும் ஆறு மாசமா இந்த வண்டியில கால் வைக்கவே இல்ல. வெள்ளிக்கிழமையானா என்னையும் பையன் ஸியாத்தையும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் சுட்ட சோளம் வாங்கிக் குடுத்த மனுஷன், இப்ப கேட்டா தலைவலிங்கறார். அப்புறம் இந்தப் பூட்டு எப்படித் தேஞ்சுது?

– தேஞ்சுதான் போயிருக்கு. உள்ள கொக்கியே மழமழன்னு ஆயிடுச்சு. தினம் ரெண்டு தடவையாவது பூட்டித் திறந்தாத்தான் இப்படி ஆகும்.

– நீ ஸ்குரூவைக் கழட்டற வேலையை மட்டும் பாரு ஃபானூஸ்!

– அவரை ஏன் அதட்டறீங்க? தினம் ரெண்டு தடவை! ஆபீஸுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு. மெர்வத்துதானே?

– மெர்வத் என் பக்கத்து மேஜைக்காரி. அவளை ஏன் இழுக்கறே?

– பக்கத்து மேஜை, பக்கத்து சீட்டு! அவ பூசற மல்லிகை அத்தர் உங்க சட்டைக் காலர்ல அடிக்குது. போன வாரம் புதுசா ஊதாத் துணி வாங்கி, தலையில கட்டிக்கிட்டு உங்க முன்னாடி வந்து நின்னேன். “கறுப்பு உனக்கு எடுப்பா இருக்கு”ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கல. பத்தி எரியுது எனக்கு!

– கோவிச்சுக்காதீங்க உம்மு ஸியாத், ஒண்ணு சொல்றேன். இது பழைய வண்டி, தானா இழுத்துக்கற பெல்ட் கிடையாது. ஆளுக்குத் தகுந்த மாதிரி கையால நீளம் வைக்கணும். இந்த மடிப்பைப் பாருங்க. இவ்வளவு விட்டிருக்குன்னா, உட்கார்ற ஆளுக்கு நல்ல வயிறு இருக்கணும்.

– அவ்வளவு குண்டா? மெர்வத் ஈர்க்குச்சியாச்சே! அப்ப இன்னொருத்தி வேறயா?

– ஓட்டற சீட்டு அதைவிட அதிசயம். பெல்ட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அளவுக்குச் சுருக்கியிருக்கு. சீட்டும் ஸ்டியரிங்கை ஒட்டி நிக்குது. அபு ஸியாத், இதுல உட்கார்ந்தா தொப்பையை எங்க வைப்பீங்க?

– ஃபானூஸ், போதும்.

– போதாது! ஏறுங்க. ஓட்டற பக்கம் இல்ல, இந்தப் பக்கம். உட்காருங்க. பெல்ட்டை இழுங்க.

– இன்ஷிராஹ், வேண்டாமே…

– அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு! அப்ப அவ ஓட்டறா, நீங்க பக்கத்துல ஜம்முனு உட்கார்ந்து வர்றீங்க. கூடப்பிறந்த தம்பி கேட்டும் ஸ்டியரிங்கைத் தொட விடாத ஆளு! அவளுக்கு மட்டும் சாவியைத் தூக்கிக் குடுத்துட்டீங்களா?

– பெல்ட்டைப் பூட்டாம அவ வண்டியை எடுக்க மாட்டேங்கறா. தெருமுனையில இறங்கிக்குவா. அங்கேயிருந்து வாசல் வரைக்கும் பழக்கத்துல நானே தொப்பையை எக்கிக்கிட்டு மெதுவா உருட்டிட்டு வந்துடுவேன்.

– ஊர் கண்ணுல மண்ணைத் தூவ நல்ல ஏற்பாடு! ஆபீஸ்லயும் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுத்தான் இருப்பீங்களோ?

– ஃபைலெல்லாம் அவதான் படிச்சுக் காட்டறா. வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்.

– என்ன தெரிஞ்சா? எதை மறைக்கறீங்க? எங்கேயோ பார்த்துப் பேசாதீங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க!

– எங்கேயிருந்து பார்க்கறது இன்ஷிராஹ்? உன் குரல்தான் கேக்குது. உன் மூஞ்சி தெரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு.