சுவத்துக்குப் பின்னாடி ஓடும் இஞ்சின்

— சத்தியமா ஓடுதுக்கா. இந்தச் சுவத்துக்குப் பின்னாடி. யாரோ ஒரு இஞ்சின அணைக்காம விட்டுட்டுப் போயிருக்காங்க.

— அங்க துவைச்ச துணி அடுக்கி வைக்கிற அறைடா தம்பி. வரும்போது எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஈ காக்கா கூட இல்ல.

— அப்ப துணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. டீசல் வண்டி. ஒரு சிலிண்டர் வேலை செய்யல. வண்டிக்கு என்ன நோவுன்னு காதாலயே கண்டுபிடிக்கிற மெக்கானிக்குகிட்ட வந்து இல்லேங்கிறியே!

— எப்பலேருந்து கேக்குது?

— இந்த ஊசி ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல. முதல்ல தெருக்கோடியில ஓடுச்சு. அப்புறம் வாசல்ல. இப்ப தலகாணிக்கு அடியில வந்துடுச்சு. ஏன்க்கா அப்படிப் பாக்குற?

— சும்மாதான்.

— இந்தப் பக்கம் வந்து உக்காரு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா உன் மூஞ்சி சரியாத் தெரிய மாட்டேங்குது.

— வந்துட்டேன். போதுமா மகாராஜா?

— ம். இப்பதான் மருந்துக்கடைக்காரி மாதிரி இருக்க. நீயாவது சொல்லு, என் காலுக்குள்ள என்னதான் நடக்குது? டாக்டர் மாஸ்க்குக்குள்ளயே என்னமோ முனகிட்டுப் போயிடுறார்.

— எலும்புக்குள்ள கிருமி பூந்துடுச்சு. முதல்ல குடுத்தது பென்சிலின் வகை. அது கிருமியச் சுத்தி இருக்கிற சுவரக் கட்ட விடாது. சுவர் பலமில்லன்னா கிருமி உப்பி வெடிச்சுடும்.

— வெடிக்க இருந்தது நான்தான். உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, மூச்சு முட்டி. வீட்டுக்காரி பாத்துட்டு யாரோன்னு பக்கத்துக் கட்டிலுக்குப் போயிட்டா.

— சிரிக்காத. அது ஒவ்வாமை, உயிரையே எடுத்திருக்கும். அதான் வேற ரகத்துக்கு மாத்தினாங்க. அது சுவர் பக்கமே போகாது. கிருமி ஒண்ணு ரெண்டாகணும்னா முறுக்கிக் கிடக்கிற டிஎன்ஏ நூலப் பிரிச்சு நகல் எடுக்கணும். அந்த நூலச் சிக்கலாக்கி அறுத்துடும்.

— என் நல்ல காலையும் சேத்து அறுக்கப் பாத்துச்சே! சும்மா நின்னுட்டிருந்தேன்க்கா. குதிகால்ல யாரோ ஓங்கி உதைச்சாங்க. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. காலி வராண்டா.

— தசைநார்டா. சில பேருக்கு அந்த மருந்து அதப் பலவீனமாக்கும்.

— கூடவே அந்தச் சிவப்பு மாத்திரை. மூஞ்சி கழுவலாம்னு கண்ணாடியப் பாக்குறேன், கண்ணுலேருந்து செம்மஞ்சளாத் தண்ணி வழியுது. பேய் அழுதா இப்படித்தான் அழும்போலன்னு நினைச்சேன்.

— ரிஃபாம்பிசின். டிஎன்ஏவுல இருக்கிற உத்தரவ எழுதி வெளிய அனுப்ப விடாது. கண்ணீர், வேர்வை எல்லாம் நிறம் மாறும், அதனால ஒண்ணும் ஆகாது. ஈரலத்தான் கவனிச்சுக்கணும். உன் கிருமி அதுக்கும் பழகிடுச்சு. அதான் இந்த ஊசி.

— இது என்ன பண்ணும்?

— கிருமிக்குள்ள புரதம் செய்யற பட்டறை ஒண்ணு இருக்கு. இது நேரா அங்க போய் உக்காந்துக்கும். வர்ற உத்தரவத் தப்பாப் படிக்க வைக்கும். போல்ட் கேட்டா நட்டு செய்யும். உருப்படாத சாமானாக் குவிஞ்சு குவிஞ்சு கிருமி செத்துடும்.

— நம்ம ஷெட்டேதான்! முதலாளி ஒண்ணு சொன்னா பசங்க வேற ஒண்ணக் கழட்டுவானுங்க. என்னை மட்டும் ஏமாத்த முடியாது. எத்தனை இஞ்சின் உறுமினாலும் அவர் திட்டுறது ஒரு எழுத்து விடாமப் புரியும்.

— அவ்வளவு இரைச்சல்ல எப்படிடா?

— உதட்டப் பாத்துத்தான். அங்க காத வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஷெட்ல எல்லாரும் அப்படித்தான்.

— இந்த ஊசி வேற எங்கெல்லாம் போகும்னு நீ கேக்கவே இல்லையே.

— சிறுநீரகம். அதுக்குத்தானே ரத்தம் ரத்தமா உறிஞ்சுறாங்க.

— காதுக்கும் போகும். உள்ள புல் மாதிரி பொடிசா முடி முளைச்ச செல்லுங்க இருக்கு. சத்தம் வந்தா அதுதான் ஆடும். இந்த மருந்து அத ஒண்ணொண்ணாக் கருக்கிடும். கருகினது மறுபடி முளைக்காது. நிக்கிறப்ப ஆடாமப் பாத்துக்கிற உறுப்பும் அங்கதான் இருக்கு.

— அதான் எந்திரிச்சாத் தரை படகாட்டம்... சே, படுத்தே கிடந்தா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

— காதுக்குப் பரிசோதனை பண்ணாங்களா?

— ஓ, பண்ணாங்களே. சத்தம் வந்தாக் கையத் தூக்கணும். எல்லாத்துக்கும் தூக்கிட்டேன். நல்ல பொண்ணுக்கா அது. பொத்தான அமுக்குறப்பல்லாம் புருவமும் சேந்து ஏறும்.

— டேய்... ஊசிய நிறுத்தச் சொல்லட்டுமா?

— நிறுத்தினா முழங்காலோட எடுத்துடுவேன்னாரே டாக்டர், மறந்துட்டியா? கால் இல்லாம எந்த வண்டிக்கு அடியில போய்ப் படுப்பேன்? பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. அவ பின்னாடி யாரு ஓடுறது, நீயா?

— அவ பேசவும் ஆரம்பிச்சுட்டா. நேத்து போன்ல அப்பான்னு கூப்பிட்டாளே, கேட்டியா?

— கேக்காம? கேட்டேன்.

— குரல் யாரு மாதிரி இருக்கு? அவ அம்மா மாதிரியா, நம்ம அம்மா மாதிரியா?

— ...குழந்தைக் குரல்தான்க்கா. குழந்தைக்கு இருக்கிற குரல். சிஸ்டர் பக்கத்துக் கட்டில்ல முடிக்கப் போறாங்க பாரு. இவ்வளவு நேரமா அவங்க அங்கதான் நிக்கிறாங்க. அடுத்தது நான்தான்.

— இப்பவும் ஓடுதா, அந்த இஞ்சின்?

— ஓடுது. இன்னிக்கு ஒண்ணு புதுசா. யாரோ உள்ள ஏறி உக்காந்திருக்காங்க. ஆக்சிலரேட்டர மிதிச்சு மிதிச்சு விடுறாங்க. சீக்கிரம் வா, கிளம்பலாம்னு வாசல்ல நின்னு கூப்பிடுற மாதிரி.

— போயிடாதடா.

— இந்தக் காலோட எங்க போவேன்? அழாதக்கா. உனக்கு என்னை விட நல்ல நிறத்துல வருது கண்ணீர்.

— மெக்கானிக் சார், ஊசி நேரம். இன்னிக்கு எந்தக் கையில போடட்டும்?

— சாப்ட்டாச்சு சிஸ்டர். ஆனா இந்த மாஸ்க்க ஒரு நாளாவது கழட்டக் கூடாதா? உங்க மூஞ்சியே பாத்ததில்ல.

— சிஸ்டர், இவனுக்கு ஊசி வேண்டாம். டாக்டரக் கூப்பிடுங்க. இப்பவே.

— என்னக்கா அவங்ககிட்ட சொல்ற? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லேன்.

— கூப்பிடுறேன் மேடம். ஆனா உங்க குரல இப்பதான் முதல்ல கேக்குறேன், எனக்கு நிம்மதி. பக்கத்துக் கட்டில்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், தம்பி பேசுறது மட்டும்தான் கேட்டுச்சு, நீங்க வாய மட்டும் அசைச்சீங்க. பாவம், இந்தம்மா பேச முடியாதவங்க போலன்னு நினைச்சுட்டேன்.