பம்பை அடிக்கறதுக்குள்ள

— இல்லைன்னா இல்லைதான் ஐயா. எத்தினி வாட்டி கேட்டாலும் அதே பதிலுதான். என் பொண்ணு அம்சா ஊர்ல இல்ல. அவ அத்தை வூட்டுக்கு அனுப்சிட்டேன்.

— எந்த ஊரு அத்தை, பவுனு?

— பனமலை.

— கடலோரத்துப் பொண்ணுக்குப் பனமலைல அத்தையா? மலை மேல இன்னா மீனு புடிக்கிறாங்க?

— ஏரி கீதுல்ல, அதுல புடிக்கிறாங்க. ஏன் ஐயா, உனக்கு அம்மை குத்தற வேலைதான குடுத்திருக்காங்க? போலீசு வேலையும் சேத்துக் குடுத்துட்டாங்களா?

— பாருங்கம்மா, காலைலேருந்து இந்தக் குப்பத்துல வூடு வூடா ஏறி எறங்கறேன். ஒரு வூட்லயும் ஒரு புள்ளை இல்ல. பூராப் புள்ளைங்களும் அத்தை வூட்டுக்குப் போயிருக்குதுங்க. மரக்காணத்துலேருந்து மணல்ல சைக்கிளத் தள்ளிக்கினு வந்தேன். எதுருல ஒரு புள்ளை வரலியே.

— அதுங்க வேற வழியா போயிருக்கும்.

— அந்த வலைக் குவியலுக்குள்ள என்னமோ அசையுது.

— நண்டு.

— அவ்ளோ பெரிய நண்டா?

— மீன்பாடு நல்லா இருந்தா பெருசாத்தான் வரும். கிட்டப் போவாத ஐயா, கடிச்சிடும்.

— சரி, போவல. இப்படி மணல்லயே உக்காந்துக்கறேன். வடக்குக் குப்பத்துல மூணு வூட்ல அம்மை போட்டிருக்குது, தெரியுமில்ல?

— அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லாத. ஆத்தா வந்திருக்கான்னு சொல்லு. அதோ பூசாரி மாமா வர்றாரு, கேட்டியா, அவரு காதுல விழுந்துதோ நீ தொலைஞ்ச.

— விழுந்துடுச்சு பவுனு. காது அடைஞ்சு போற வயசா எனக்கு? யாரு தம்பி நீ?

— இருதயராஜுங்க. திண்டிவனத்துலேருந்து வர்றேன், அம்மை குத்தறவன். நீங்கதான் பச்சமுத்து பூசாரியா?

— ஊரு அப்படித்தான் சொல்லிக்கினு இருக்குது. பேரப் பாத்தா வேதக்காரரு. ஆத்தாளப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?

— எங்கம்மா பேரு சவுரியம்மாள்ங்க. பிரம்மதேசத்துப் பக்கம் கூலிக்குக் களை எடுக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா மாதா கோயில்ல மொத ஆளா முட்டி போடும். வூட்ல யாருக்காச்சும் முத்து கண்டா மொத ஆளா வாசல்ல வேப்பிலையும் சொருவும். கேட்டா, ரெண்டு பேருமே பொம்பளைங்க, யாரையும் பகைச்சிக்கக் கூடாதுடான்னும்.

— நல்லா சொல்லிச்சு. வெவரமான பொம்பளை. சரி, வந்த வேலையச் சொல்லு, ஜல்தியா சொல்லு. பொழுது சாயற நேரத்துல பம்பை அடிச்சிக் காப்புக் கட்டறோம். அதுக்குள்ள நீ எல்லையத் தாண்டிடணும்.

— இன்னிக்கா? திருவிழா சித்திரை கடைசீலன்னு சொன்னாங்களே.

— வடக்குக் குப்பத்துச் சேதி காதுக்கு வந்துது. முன்னாடியே கட்டிடலாம்னு சொல்லிட்டேன். அதான் சேதி.

— மாமா, அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். காப்புக் கட்டினா பத்து நாளு எல்லையத் தாண்டி ராத் தங்கக் கூடாது. எனக்கு ரெண்டு கூடை கருவாடு காஞ்சி கெடக்குது. திண்டிவனம் சந்தைக்குப் போனா ராத் தங்காம எப்படித் திரும்பி வர்றது? பெரிய பேஜாரால்ல இருக்குது.

— கருவாடுதான பவுனு. பத்து நாளுல திரும்பிக் கடலுக்குள்ள நீந்தியா போயிடப் போவுது?

— பூசாரி, ஒரு நிமிசம். நான் கொண்டாந்திருக்கற நோட்டீசுலயும் இதேதான் இருக்குது. படிக்கறேன், கேளுங்க. "நோய் கண்ட ஊருக்கு அருகிலுள்ளவர்கள் சந்தைக்குப் போகக் கூடாது."

— காப்புக் கட்டினா போவ மாட்டோம்.

— "வெளியூரார் வந்து தங்கக் கூடாது."

— தங்க வுட மாட்டோம். புது மாப்பிள்ளையே வந்தாலும் மோரு குடிச்சிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

— "நோயாளி இருக்கும் வீட்டுக்கு வெளியே அடையாளம் வைக்க வேண்டும்."

— வேப்பிலை.

— "அந்த வீட்டுக்குள் பிறர் போகக் கூடாது. அங்குள்ள துணியை வெளுக்கப் போடக் கூடாது."

— கண்டவங்க உள்ள போனா ஆத்தாளுக்குக் கோவம் வந்துடும். துணிய ஏகாலிக்குப் போட மாட்டோம், வேப்பிலைத் தண்ணில நாங்களே அலசிக்குவோம். ஏந்தம்பி, உங்க கவர்மெண்டு எங்க கோயிலாண்ட வந்து உக்காந்து எழுதிக்கினு போயிட்டாங்களா?

— எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க. ஆறு ஊர்ல இந்த நோட்டீசப் படிச்சேன். ரெண்டு ஊர்ல நாய அவுத்து வுட்டாங்க, ஒரு ஊர்ல சைக்கிள் காத்தப் புடுங்கி வுட்டாங்க. இங்கதான் ஒரு சொல்லுக்கும் சண்டை இல்ல. மனசு குளுந்து போச்சு.

— முழுக்கப் படிச்சிட்டியா?

— இன்னும் ஒரு வரி இருக்குது.

— அதயும் படி.

— "சிறியோர் பெரியோர் அனைவரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும்."

— அது ஆவாது.

— பூசாரி...

— ஆவாது தம்பி. வூட்டுக்கு வர்ற விருந்தாளிய வாசல்ல நிறுத்திக் கத்திய நீட்டுவாங்களா? வந்தா வான்னு சொல்லணும். எளநி வச்சி, பானகம் கரைச்சி, பாட்டுப் பாடிக் குளுர வச்சி அனுப்பணும். காப்புக் கட்டினதும் கத்தி, ஊசி, ரத்தம் எதுவும் ஊருக்குள்ள ஆவாது. சவரம்கூடக் கெடையாது.

— அதுக்குத்தான் சொல்றேன், காப்புக்கு முன்னால குத்திடலாம். இன்னும் நேரம் இருக்குது. இந்தக் குப்பில இருக்கற அம்மை குத்தற பாலு நாளைக்குள்ள கெட்டுடும். பத்து நாளு கழிச்சி நான் வரலாம். பத்து நாளு கழிச்சின்னு சொன்னா நோவு காத்திருக்குமா?

— நீ பூசாரி மாமாகிட்ட வீணா மல்லுக்கட்டாத ஐயா. அவரப் பத்தி உனக்குத் தெரியாது. கேட்டியா, மூணு வாட்டி ஆத்தா இந்தக் குப்பத்துக்கு வந்தா. அத்தினி வூட்லயும் இவருதான் பாய் பக்கத்துல உக்காந்து வேப்பிலையால விசிறினாரு. சீழத் தொடைச்சாரு. ஒரு முத்து, ஒரே ஒரு முத்து இவரு மேல விழுந்துதா? அவரு புஜத்துல கீது பாரு செப்புப் பட்டை, ரங்கூன்லேருந்து திரும்பின வருசம் கட்டினது. அன்னிலேருந்து ஆத்தா அதுலதான் குந்தியிருக்கா. குளிக்கும்போதுகூட அவுக்க மாட்டாரு.

— ரங்கூனுக்குப் போயிருக்கீங்களா பூசாரி?

— அரிசி மில்லுல மூட்டை தூக்கினேன். ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு ரொம்ப வருசம் முன்னாலயே வந்துட்டேன்.

— எதுல போனீங்க?

— பின்ன கட்டுமரத்துலயா போவாங்க? கப்பல்லதான்.

— மெட்ராசுலேருந்தா?

— ஆமா. அதுக்கு இன்னா இப்போ?

— ஒண்ணும் இல்லைங்க. சும்மா கேட்டேன்.

— உனக்கு இன்னா ஐயா திடீர்னு மூஞ்சி மாறிப்போச்சு?

— வெயிலும்மா. பவுனு, அந்த நண்டு தும்முது.

— கடல் நண்டுக்குச் சளி புடிக்கும்.

— வடக்குக் குப்பத்துல நேத்து ஒரு பொண்ணப் பாத்தேன். ஒம்போது வயசு இருக்கும். ரெண்டு கண்ணும் மூடிக்கினு கெடக்குது. அம்மா, விடிஞ்சிடுச்சான்னு கேட்டுது. அப்போ மத்தியானம்.

— கண்ணப் பத்திப் பேசாத ஐயா.

— ஏம்மா?

— என் வூட்டுக்காரரு அரசப்பன் ஒத்தைக் கண்ணு. போன வாட்டி ஆத்தா ஒண்ணக் கேட்டு வாங்கிக்கினா. உசுர மட்டும் வுட்டு வச்சா, அது போதும். இப்பவும் கடலுக்குப் போறாரு, ரெண்டு கண்ணுக்காரனவிட ரெண்டு கூடை அதிகமாத்தான் புடிச்சிக்கினு வர்றாரு. உன்னப் பாக்கறதுக்கு ஒரு கண்ணே எதேஷ்டம்ன்னு என்னைக் கிண்டல் பண்ணுவாரு. நல்லாத்தான் இருக்கோம். ஆனா ராத்திரில அம்சா மூஞ்சியத் தடவிப் பாத்துட்டுத்தான் படுப்பேன். ரெண்டும் இருக்குதான்னு.

— அரசப்பனுக்கும் பூசாரிதான் விசிறினாரா?

— பதினெட்டு நாளு. பக்கத்த வுட்டு நவரல. பெத்த தாயி செய்ய மாட்டா. மாமா, ஒண்ணு கேக்கறேன், இல்லைன்னு சொல்லாத.

— இன்னா பவுனு?

— காப்புக்கு முன்னால அந்தப் பட்டைய ஒரு நாழி அம்சா கைல கட்டி வுடு. ஒரே ஒரு நாழி. நெத்தில துண்ணூறு வச்சி, உன்ன ஆத்தா தொட மாட்டான்னு உன் வாயால சொல்லிடு. எனக்கு அது போதும். இந்த ஐயாவோட ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நிம்மதியாத் தூங்குவேன்.

— பட்டைய அவுக்க முடியாது பவுனு.

— சரி, பட்டை வேணாம். துண்ணூறு வச்சி ஒரு வார்த்தை சொல்லு. உன் வாக்கு பொய்க்குமா?

— அரசப்பனுக்கும் சொன்னேனே.

— அவரு உசுரு நின்னுச்சே மாமா.

— நான் சொன்னதாலயா நின்னுது?

— பின்ன?

— பம்பையக் காய வச்சித் தட்டிப் பாக்கறாங்க, சத்தம் கேக்குது. நான் கெளம்பறேங்க பூசாரி. உங்க ஊரு உங்க இஷ்டம், நான் வற்புறுத்தல. நோட்டீசு மட்டும் கோயில் சுவத்துல ஒட்டிட்டுப் போறேன்.

— தம்பி, நில்லு.

— சொல்லுங்க.

— உன் பொட்டியக் கீழ வை. பவுனு, கிட்ட வா. இந்தக் கயித்து முடிச்ச அவுரு, ஒத்தைக் கையால எனக்கு வராது.

— பட்டையவா? மாமா, நான் கேட்டது தப்புன்னா வுட்டுடு. நீ கோச்சிக்காத.

— கோவம் இல்ல. அவுரு.

— இருவது வருசத்து முடிச்சு, கல்லாட்டம் கீது. இரு... வந்துடுச்சு. பட்டைக்குக் கீழத் தோலு இன்னா இவ்ளோ வெளுப்பு. மாமா, இது இன்னா வடு? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. காசாட்டம் வட்டம் வட்டமா.

— தம்பியக் கேளு.

— அம்மை குத்தின வடும்மா. நாலும் நல்லாப் புடிச்சிருக்குது.

— மாமா?

— ரங்கூன் கப்பல் ஏறறதுக்கு முன்னால மெட்ராசுத் துறைமுகத்துல வரிசையா நிக்க வச்சாங்க பவுனு. குத்திக்காதவன் கப்பல் ஏற முடியாது. குத்திக்கினேன். திரும்பி வந்தப்போ ஊரு பாத்தா ஏசும்னு பயந்துக்கினு பட்டைய வாங்கிக் கட்டினேன், அவ்ளோதான். அதுக்கப்புறம் ஆத்தா வந்தா. அத்தினி பேரயும் தொட்டா, என்னைத் தொடல. ஊரே கையெடுத்துக் கும்புட்டுது. பூசாரின்னுச்சு. நானும் இருக்கும்னு நெனச்சிக்கினேன். பாதி நாளு ஆத்தான்னு நெனப்பேன், பாதி நாளு ஊசின்னு நெனப்பேன். அரசப்பன் கண்ணு அவிஞ்ச அன்னிக்குத்தான் எனக்கு ஊசிதான்னு வெளங்கிச்சு. அப்பவும் வாயத் தொறக்கல. இன்னிக்கு அம்சா நெத்தில கைய வச்சி இன்னொரு பொய் சொல்ல மனசு வரல. அதான் சேதி.

— இந்தா மாமா, உன் பட்டை.

— ஏசு பவுனு. ஏசாம மட்டும் வுடாத.

— ஏசறேன் மாமா. பத்து நாளு யாரும் ஊரத் தாண்டப் போறதில்ல. பொறுமையா, தெனம் கொஞ்சமா ஏசறேன். ஆனா பதினெட்டு நாளு சீழு தொடைச்ச கை இது. அதயும் நான் மறக்கலை.

— பூசாரி, ஒண்ணு சொல்லிடறேன். உங்க குத்து ரொம்பப் பழசு. உங்களுக்கும் திரும்பக் குத்தணும்.

— குத்து. ஊரு நடுவுல, பம்பைக்காரங்க முன்னால வச்சிக் குத்து. எல்லாரும் பாக்கட்டும். அப்புறமும் என்னைப் பூசாரின்னு கூப்புடறதா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும். மொத ஆளு நான்.

— மொத ஆளு நீ இல்ல மாமா, தள்ளிக்க. ஐயா, நீ கத்தியத் தொடைச்சி ரெடி பண்ணு. அம்சா, வலைய வுட்டு வெளிய வாடி. ஆத்தா இத்தினி வருசமா எந்த எடத்துல குந்தியிருந்தான்னு காட்டறேன் வா.