கூப்பிட்ட பேருக்கு

ஆர்ச்சி: ...மொதல்ல அந்தக் கதவைச் சாத்துடா லாக்லன்.

லாக்லன்: சாத்தியாச்சு. டீயைக் குடி, ஆறுது.

ஆர்ச்சி: டீ கெடக்கட்டும். இப்ப டிரெஸ்ஸிங் ரூம்ல கோல்கீப்பர் பையனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன்?

லாக்லன்: ஆட்டத்துக்கு நேரமாச்சு, இப்ப போயி...

ஆர்ச்சி: மழுப்பாதடா.

லாக்லன்: ...கென்னத்னு கூப்பிட்டே.

ஆர்ச்சி: கென்னத் நம்மகூட ஆடினவன். அவன் சவப்பெட்டியைக் குழியில எறக்கறப்ப ஒரு கயிறு என் கையில, ஒரு கயிறு ஒன் கையில.

லாக்லன்: ஆமா.

ஆர்ச்சி: அப்ப இந்தப் பையன் ஏன் “சரி பாஸ்”னான்?

லாக்லன்: மரியாதை தெரிஞ்ச புள்ள...

ஆர்ச்சி: லாக்லன்!

லாக்லன்: ...கிறிஸ்துமஸ்லேருந்தே அப்படித்தான். நீ எந்தப் பேரைச் சொன்னாலும் சரி, யார் மூஞ்சியைப் பாத்துச் சொல்றியோ அவன் தன் பேராட்டம் பதில் சொல்லணும். பசங்களே பேசி வெச்சுக்கிட்டாங்க.

ஆர்ச்சி: அட கடவுளே... எல்லாருமா?

லாக்லன்: எல்லாரும்தான். அந்தப் போலந்துப் பையனுக்கு மட்டும் இதுவரைக்கும் மூணு ஸ்காட்லாந்துப் பேர் வெச்சிருக்கே.

ஆர்ச்சி: சிரிக்க வெக்காதடா பாவி... அழுகை வருது.

லாக்லன்: கிளப் சேர்மனுக்கு ஒன்னும் தெரியாது. சீசன் முடியற வரைக்கும் ஓட்டிடலாம். டாக்டர் என்ன சொன்னாரு?

ஆர்ச்சி: இந்த மறதி நோய்க்குக் காரணம் தலையால அடிச்ச பந்துதானாம். மழையில ஊறிக் கல்லாட்டம் வருமே அந்தத் தோல் பந்து.

லாக்லன்: பின்வரிசையில நாம ரெண்டு பேருந்தானே மாத்தி மாத்தி முட்டினோம்.

ஆர்ச்சி: நெத்தி வீங்கினா அன்னிக்கு நல்லா ஆடினோம்னு பெருமை வேற! அந்த முட்டலுக்குத்தான் நாட்டுக்கே ஆடக் கூப்பிட்டாங்க. அதுக்கப்பறம் இங்க மேனேஜர்... ம்ம். கேளு. சேர்மன்கிட்ட நேத்தே போய்ச் சொல்லிட்டேன்.

லாக்லன்: என்னன்னு?

ஆர்ச்சி: இன்னிக்கு ஆட்டத்தோட போறேன்னு. என் எடத்துக்கு நீதான்னு. மனுஷன் சரின்னுட்டாரு.

லாக்லன்: யாரைக் கேட்டுச் சொன்னே?

ஆர்ச்சி: யாரைக் கேக்கணும்? நான் கத்தறதுக்கு இத்தனை வருஷமா பசங்களுக்கு அர்த்தம் சொன்னவன் நீ. இந்தக் கிளப்பை வேற எவன் கையில குடுப்பேன்? எனக்குத் தாங்காதுடா.

லாக்லன்: வேண்டாம் ஆர்ச்சி.

ஆர்ச்சி: எடத்தைப் புடுங்கிட்டான்னு ஊரு பேசும்னு பயமா?

லாக்லன்: அதில்ல...

ஆர்ச்சி: பின்ன என்னடா? பசங்க மைதானத்துக்குக் கெளம்பிட்டாங்க, பூட்ஸ் சத்தம் கேக்குது பாரு. போயி அவங்க முன்னாடி நில்லு. ஒரு மூளையாவது தெளிவா இருக்கட்டும் இங்க... டேய், நீ ஏன் அழறே?

லாக்லன்: போன மாசம் எனக்கும் தலையைப் படம் எடுத்துப் பாத்தாங்க, ஆர்ச்சி. எனக்கும் அதேதான்.