படுதாவுக்குப் பின்னால் கட்டிய ஆடுகள்

வெள்ளைச் சட்டையில் ஓர் ஆட்டு மயிர்கூட ஒட்டாமல் வீற்றிருக்கும் எங்கள் செம்மறி வளர்ப்போர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே! மந்தைக்குப் பின்னால் நடந்தே கால் தேய்ந்த பெரியோர்களே! பட்டியைக் கூட்டிப் பெருக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் எனக்குப் 'பாராட்டுரை' என்று போட்டிருக்கிறீர்கள். பாராட்டத்தான் வந்தேன், மனமாரப் பாராட்டப் போகிறேன்.

இதோ இந்தக் கேடயத்தில் என்ன பொறித்திருக்கிறீர்கள்? 'மந்தைகளில் கிளமிடியா நோய்த்தொற்று: சுழியம்!' நாற்பது பட்டிகள், நானூறு ஆடுகளின் இரத்தம், ஒன்றில்கூட நோயில்லை! உலகெங்கும் ஆடுகளைப் பிடித்துச் சினையைக் கலைக்கும் கிருமி, நம் ஊர் எல்லைக்கு வந்ததும் ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டதாம். கைதட்டுங்கள் ஐயா, கைதட்டுங்கள்!

இந்தச் சாதனையை எப்படிச் சாதித்தோம்? கால்நடை மருத்துவர் ஊசியோடு வந்தார். அவர் முன்னால் எதைக் கட்டினோம்? பல்லுப் போன கிடாக்களைக் கட்டினோம். சினையே பிடிக்காத இளம் பெட்டைகளைக் கட்டினோம். காலம் முந்திச் செத்த குட்டி போட்ட ஆடுகளை என்ன செய்தோம்? கொட்டகைக்குப் பின்னால் ஓட்டி, சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டோம்.

"குட்டி வீசின ஆடு ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"நம்ம பட்டியிலயா? அந்தப் பேச்சுக்கே இடமில்லீங்க டாக்டர்!"

சொல்லி வாய் மூடவில்லை, படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒன்று 'மே' என்று கத்தியது. அந்தக் கொட்டகையில் உண்மை பேசிய உயிர் அது ஒன்றுதான்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தப் பட்டி என்னுடையது. அந்தப் பொய்யைச் சொன்னது இந்த வாய்.

ஏன் சொன்னேன்? நோய்ப் பட்டி என்று பெயர் வந்தால், சந்தையில் நம் ஆட்டை எவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார் என்ற பயம். நாமும் லேசுப்பட்டவர்களா? ஐந்து மாதச் சினையில் நாலரை மாதம் ஆடு நன்றாக மேய்கிறது. கடைசியில் செத்த குட்டியைப் போடுகிறது. மறுநாளே ஒன்றும் நடக்காததுபோல் அசைபோடுகிறது. நாம் என்ன காரணம் கண்டுபிடித்தோம்? "கண்ணு பட்டிருச்சு." "புல்லு ஒத்துக்கல." "கிடா முட்டியிருக்கும்." பாவம் கிடா, செய்யாத குற்றத்துக்கு எத்தனை பழியைத்தான் சுமக்கும்! செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் எங்கே எறிந்தோம்? அடுத்தவர் வேலிக்குள். அடுத்தவர் எங்கே எறிந்தார்? நம் வேலிக்குள். நோயை இப்படி ஒற்றுமையாகப் பங்கிட்டுக்கொண்ட சங்கம் வேறெங்காவது உண்டா?

என்ன அண்ணே, துண்டுச் சீட்டு? 'நேரமாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம் அண்ணே, நேரமாகித்தான் விட்டது. அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

நோயில்லை என்று அறிக்கை வந்த மறுவாரம் என் பட்டியில் இன்னோர் ஆடு குட்டி வீசியது. நான் வெளியே போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியான என் தம்பி மனைவி அதை வெறுங்கையால் அள்ளி அப்புறப்படுத்தினாள். அந்தக் கிருமி கர்ப்பிணிக்கும் தொற்றும் என்று அவளுக்கு யார் சொன்னார்? சில நாளில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல ஆடு இருக்கா? அதுங்களுக்கு ஏதாவது நோய் இருக்கா?"

என் தம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "எங்க ஊரு ஆட்டுக்கு நோயே இல்லன்னு ரிப்போர்ட்டே வந்திருக்கு மேடம்."

அவன் நம்பினான். அவனுக்குப் படுதா தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். அன்று வாய் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் மூச்சுக்குத் தவித்தபோதுதான், "மேடம், அந்த ரிப்போர்ட் பொய்" என்றேன். மருந்தை மாற்றினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

யார் செய்த குற்றம்? கிருமியின் குற்றமா? கிருமிக்கு வாயில்லை ஐயா! வாய் இருந்தவள் நான். வாய் மூடி நின்றவள் நான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் வீடு திரும்ப அதைவிட வெட்கமாக இருக்கிறது.

பின்வரிசையில் நிறைமாதமாய் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "நம்ம கொட்டகைக்குப் பின்னால என்ன கட்டியிருக்கு?" பதில் வரும்வரை பட்டிக்குள் கால் வைக்காதீர்கள்!

நாளைக் காலை ஏழு மணிக்கு மருத்துவர் மறுபடி வருகிறார். நான்தான் அழைத்தேன். முதல் பட்டி என்னுடையது. குட்டி வீசிய ஆடுகள்தான் முன்னால் நிற்கும். படுதாவை அவிழ்த்துவிட்டேன், இதோ கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கேடயத்தின்மேல் போர்த்துகிறேன். உண்மையை மறைத்த துணி, பொய்யையும் கொஞ்சம் மறைக்கட்டும்!

யாரது நடுவரிசையில்? என்ன சொன்னீர்கள்? "எங்க பட்டிக்கும் வரச் சொல்லுங்கக்கா"வா? இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், தலைவர் அண்ணனுக்குக் கேட்கட்டும்!

ஒலிபெருக்கியை நிறுத்தாத தம்பிக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கு நன்றி. என் தம்பி மனைவி இன்று வரவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அக்கா, எதையும் விட்டுடாம சொல்லுங்க" என்றாள். விடவில்லை அம்மா, எதையும் விடவில்லை. உங்கள் அனைவருக்கும் வணக்கம்.