ஊசி வேற, ஸலாயி வேற

— அதை உள்ள வையி பிரியா. ஆப்பரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்துகிட்டு ஊசியும் நூலுமா! பாக்கவங்க என்ன நெனைப்பாவ?

— யாரும் பாக்கலை அத்தை. இங்க எல்லாருக்கும் அவங்கவங்க டென்ஷன்.

— நான் பாக்கேன்லா. புள்ளைய இப்பத்தான் உள்ள தூக்கிட்டுப் போனாவ. அதுக்குள்ள ஒனக்குக் கை அரிக்கு.

— அரிக்கலை, நகத்தைப் பிச்சுக்கிட்டே இருக்கு. ஸலாயியைப் பிடிச்சாத்தான் நிக்குது. பாருங்க.

— என்னத்தப் பாக்க? இந்தக் கைதான அன்னைக்கு... வேண்டாம். என் வாயக் கிளறாத.

— சொல்லுங்க அத்தை. அவன் பிறந்ததுல இருந்து சொல்லிட்டுத்தானே இருக்கீங்க. இன்னைக்கு மட்டும் என்ன லிஹாஸ், என்ன தயக்கம்?

— கிரகணத்தன்னைக்கு வயித்துப் புள்ளக்காரி ஊசி தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நான் ஊர்ல கெடக்கேன், இருந்தும் திருநவேலியில இருந்து ஃபோன் போட்டுச் சொன்னேன். நீ தொட்ட. புள்ளைக்கு உதடு பொளந்து பொறந்திருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தப் புதுசாச் சொல்ல?

— நீங்க சொன்ன எல்லாமே செஞ்சேன். ஜன்னலை மூடி, கர்ட்டன் மேல பெட்ஷீட்டும் போட்டேன். கத்தி, கத்திரிக்கோல், நெயில் கட்டர் கூட பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினேன். ஊசி டப்பாவும் உள்ள போயிடுச்சு. ஒரு வாய் தண்ணி குடிக்கலை. ஊசின்னா எனக்கு ஸூயி அத்தை, துணி தைக்கறது. இது ஸலாயி, ஸ்வெட்டர் பின்னறது. பார்க்குல வெயில் காயற ஆன்ட்டிங்க கத்துக் குடுத்தப்ப ஸலாயின்னுதான் சொன்னாங்க. ஹிந்தில அது வேற, இது வேற. தமிழ்ல ரெண்டும் ஒரே ஊசிதான்னு எனக்கு யாரு சொன்னா?

— டெல்லியில பொறந்துட்டா தமிழ் மறந்துருமோ? பின்னல் ஊசின்னு சொல்லுவோம்லா.

— எங்க வீட்டுல யாரும் பின்னினதே இல்லை. அந்த வார்த்தையை முதல் தடவையா உங்க வாய்ல இருந்துதான் கேட்டேன். பிரசவ வார்டு வாசல்ல.

— அங்க நான் என்னத்தச் சொன்னேன்?

— 'பின்னல் ஊசியும் ஊசிதான, இவ கேக்கலியே'ன்னு அவர்கிட்ட சொன்னீங்க. என்னை ஸ்ட்ரெச்சர்ல வெளியில கொண்டு வந்துட்டு இருக்காங்க. காதுல விழுந்துது. அவர் ஒரு வார்த்தை பேசலை.

— எம்மவன் செந்தில் என்னத்தப் பேசுவான்? அவனே திகைச்சுப் போயி நிக்கான்.

— கிரகணத்துல பின்னினேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நானே வந்து சொன்னதுதான். நீங்க ஊர்ல இருந்து வந்ததும் குஷியா குட்டி ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினேன். 'தூக்கம் வரலை அத்தை, கிரகணம் விடற வரைக்கும் உக்காந்து முதுகுப் பக்கம் முழுசும் முடிச்சிட்டேன்'ன்னு. மஞ்சக் கலர் நல்லாருக்குன்னு சொன்னீங்க.

— வயித்துல புள்ளைய வச்சிருக்கவளப் பயங்காட்டக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். அதுவும் தப்பா?

— பெத்த அப்புறம் பயங்காட்டலாமா?

— எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேச்சு. அப்படி என்னதான் இருக்கு அந்தப் பின்னல்ல? கடையில கெடைக்காததா?

— எனக்குன்னு வேற என்ன அத்தை இருக்கு? நாள் பூரா ஆபீஸ்ல யாரோட பில்லையோ பாஸ் பண்றேன். துவாரகால மெட்ரோ ஏறி உக்காந்தா பாரகம்பா வர வரைக்கும் அந்த நேரம் எனக்கு. ஒரு வரிசை நேர்ப் பின்னல் சீதா, ஒரு வரிசை திருப்பிப் பின்னற உல்டா. தப்பாப் போச்சுன்னா உருவிட்டு மறுபடி பின்னலாம், யாரும் திட்ட மாட்டாங்க. முதல் சாக்ஸ் முடிச்ச அன்னைக்கு அதை என் கட்டை விரல்ல மாட்டிப் பாத்துட்டு தனியா சிரிச்சிட்டு இருந்தேன். எதிர்ல ஒரு அம்மா 'பெஹ்லா பச்சா?', முதல் குழந்தையான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்றதுக்குள்ள எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு சந்தோஷம்.

— ம்.

— அவன் பிறந்த அப்புறம் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண் மேல போட்டேன். மஞ்ச ஸ்வெட்டரை நீங்க பழந்துணியோட போட்டீங்க, பாத்தேன், ஒண்ணும் கேக்கலை.

— பொறவு இப்ப எதுக்கு எறக்கின?

— சிஸ்டர் சொன்னது உங்களுக்கும் தெரியுமே. தையல் போட்டா தலை வழியா எதுவும் மாட்டக் கூடாது, முன்னாடி திறக்கணும். வாயில கை வைக்காம இருக்க ரெண்டு முழங்கையிலயும் அட்டை வச்சுக் கட்டுவாங்களாம். கடை ஸ்வெட்டர்ல அந்த அட்டையோட கை நுழையாது. அதான் கையை அகலமா எடுத்திருக்கேன். ஒரு கை முடிஞ்சுது. இந்தக் கையும் பாதிக்கு மேல வந்தாச்சு.

— பெரிய சைசா ஒண்ணு கடையில வாங்கினா கையும் பெருசாத்தான இருக்கும்.

— கழுத்து இறங்கிடும். குளிர் இன்னும் போகலை அத்தை.

— எதச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருக்க. புள்ளைக்கு ஊசி போட்டு மயக்கி, உதட்டத் தச்சுக்கிட்டு இருக்காவ. நீ இங்கன அதே ஊசிய எடுத்துக்கிட்டு! எனக்குப் பயமாக் கெடக்கு.

— எனக்கும்தான். எனக்குப் பயம் இருக்காதா? ரெண்டாம் மாசத்துலயே உதடு சேந்துடணுமாம், இவனுக்கு சேரலைன்னு டாக்டர் எவ்வளவு தெளிவாச் சொன்னாங்க. கிரகணம் வந்தப்ப எனக்கு ஏழாம் மாசம். மத்லப், அதாவது கணக்கே வரலை. எனக்குத் தெரியுது அத்தை. இருந்தாலும் அவன் வாயைத் தொறந்து அழறப்ப என் கையைத்தான் பாக்கறேன். படிச்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

— டாக்டருக்கு என்ன, ஆயிரஞ் சொல்லுவாவ.

— இன்னொண்ணும் கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துதான்னு. அவர் உங்க முகத்தைப் பாத்தார். நீங்கதான் பதில் சொன்னீங்க.

— ஆமா. எங்க பக்கம் அப்படி ஒண்ணு கெடையாதுன்னேன். அதுக்கு என்ன இப்ப?

— அதுக்கு அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. மயூர் விஹார்ல எங்கம்மா நாள் பூரா ஃபோனும் கையுமா உக்காந்து சொந்தத்துல ஒருத்தர் விடாம விசாரிச்சாங்க. யாருக்கும் இல்லை. கடைசில எங்கம்மாவே கேட்டாங்க, 'நிஜமாவே அன்னைக்குப் பின்னினியாடி?'ன்னு. பெத்த அம்மா அத்தை!

— மெதுவாப் பேசு. ஆளுக இருக்காவ.

— பேர் வச்ச அன்னைக்கு காந்திமதி சித்தி துணியை விலக்கிப் பாத்துட்டு என்னாச்சுன்னு கேட்டாங்க. 'இவ கிரகணத்துல ஊசி பிடிச்சா'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. நான் அவனை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போகவும் முடியலை.

— கேக்கவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? ஒனக்கென்ன, ஆபீசுக்குப் போயிருவ. கேள்வி கேக்கவங்க எல்லாம் என்னையத்தான கேக்காவ.

— பிறவியிலயே அப்படித்தான்னு சொன்னா என்ன? எத்தனையோ குழந்தைங்க பிறக்குது. இந்த வார்டுலயே பாத்தோமே.

— சொன்னா விட்டுருவாங்களா? யாரு பக்கம், யாரு ரத்தம்னு தோண்டுவாவ. ஒனக்கு ஊரத் தெரியாது பிள்ள. நான் பட்டிருக்கேன்.

— நீங்க என்ன பட்டீங்க?

— ஒண்ணுமில்ல. விடு. உங்க மாமா எங்கன போனாவ?

— டீ வாங்கக் கீழே போனார்.

— ரயில விட்டு எறங்கினதும் நேரா இங்க வந்த மனுசன். ஒரு எடத்துல உக்காருவாவளா? செந்தில்?

— மருந்துக் கவுன்டர்ல நிக்கறார். க்யூ பெருசு. அத்தை, உங்களை நான் குறை மட்டும் சொல்லலை. பால் குடுத்தா மூக்கு வழியா வந்துது, எனக்குப் பயத்துல கை காலே ஓடலை. நீங்கதான் நிமித்தி வச்சு, பாலாடையில ஓரமா ஊத்தி ஊத்திக் குடுத்தீங்க. ஆப்பரேஷனுக்கு வேண்டிய எடை வந்ததே உங்களாலதான்.

— புள்ள பெத்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

— அதனாலதான் ஒண்ணு கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு. மாட்டேன்னு சொல்லாதீங்க.

— கேளு.

— நாளைக்கு அவன் பெரியவனாகி, கண்ணாடில தழும்பைப் பாத்துட்டு இது என்னன்னு கேப்பான். அன்னைக்கு 'உங்கம்மா ஊசி பிடிச்சா, அதான்'ன்னு அவன்கிட்ட சொல்லக் கூடாது.

— நான் சொல்லாட்டா ஊரு சொல்லாதா?

— ஊர் சொன்னா சொல்லட்டும். ஊரா அவனுக்குப் பாலாடைல பால் குடுத்துது? நீங்க சொன்னாத்தான் அவன் நம்புவான். தழும்பு போகாட்டாலும் பரவாயில்லை அத்தை. அவன் என்னை அப்படிப் பாக்கக் கூடாது. அதை என்னால தாங்க முடியாது. ப்ளீஸ்.

— ஏ பிள்ள, அழாத. எல்லாரும் பாக்காவ.

— நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். பின்னக் கூடாதுன்னா இனிமே பின்னலை. அச்சா, இப்பவே விட்டுடறேன். இந்தாங்க, ஸலாயி, கம்பளி நூல் உருண்டை எல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. குப்பைல போட்டாலும் சரி. உங்க கண்ணு முன்னாடி மட்டும் இல்லை, மெட்ரோல கூடத் தொட மாட்டேன். அவன் மேல சத்தியம்.

— கை பாதியில நிக்கே?

— நிக்கட்டும். சால்வையைச் சுத்தி வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். பெரிய சைஸா ஒண்ணு வாங்கி, கழுத்துல சேஃப்டி பின் குத்திக்கலாம்... பின்னும் வேண்டாம். நாடா கட்டிக்கலாம்.

— இப்படியெல்லாம் பேசாத.

— சொல்லுங்க அத்தை. அவன்கிட்ட சொல்ல மாட்டீங்கதானே?

— சொல்ல மாட்டேன்.

— யார்கிட்டயும்?

— யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். போதுமா? கண்ணத் தொடை மொதல்ல.

— தேங்க்ஸ் அத்தை. நிஜமாத்தான் சொல்றேன். வேற மாமியாரா இருந்தா என்னை எங்கம்மா வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க. நீங்க மன்னிச்சிட்டீங்க. எனக்கு இது போதும்.

— மன்னிப்பெல்லாம் என்னத்துக்கு? இந்தா, இத நீயே வச்சுக்க. என் கையில எதுக்குக் குடுக்க?

— வேண்டாம் அத்தை. சத்தியம் பண்ணிட்டேன்.

— ரைட்! கையை நீட்டுங்க ரெண்டு பேரும், டீ சுடுது. படியேறி வாரதுக்குள்ள பாதி சட்டையில கொட்டிட்டு. என்ன, உள்ள இருந்து எதுவும் சொன்னாவளா?

— இன்னும் இல்லை மாமா.

— வந்துருவான், வந்துருவான். இந்திரா, அந்த பன்னைப் பிரிச்சுத் தின்னு. காலையில இருந்து பட்டினியாம்லா, செந்தில் சொன்னான். அது என்ன மடியில, ஸ்வெட்டரா? நல்லாருக்கே! யாரு பின்னினா, பிரியாம்மாவா?

— நீங்க போயி செந்தில் மருந்து வாங்கிட்டானான்னு பாருங்க.

— பாத்துட்டுத்தான் வாரேன். அவனுக்கு முன்னால நாலஞ்சு பேருதான் நிக்காவ. பிரியாம்மா, கண்ணெல்லாம் ஏன் செவந்து கெடக்கு? அழுதியா?

— ஒண்ணுமில்லை மாமா.

— சும்மா ஒரு சின்னத் தையல். இந்த வயசுல போட்டா தடம் தெரியாது. அன்னைக்கு ஃபோன்லயும் இதைத்தான சொன்னேன்?

— இப்ப அந்தப் பேச்சு எதுக்கு? உங்களுக்கு இதப் பத்தி என்ன தெரியும்? வாங்க, நாம கீழ போவோம். எனக்குக் காத்து வேணும்.

— எனக்கா தெரியாது? நல்லாக் கேட்ட போ! நான் பட்டாளத்துல இருந்தப்ப, அங்க ஆஸ்பத்திரியில நாம ரெண்டு பேரும் இதே மாதிரி ஒரு பெஞ்சுலதான உக்காந்திருந்தோம்? ஏம்மா பிரியா, நீயே சொல்லு, கட்டின நாள்ல இருந்து பக்கத்துலயே இருக்க, செந்திலுக்கு உதட்டத் தச்ச தழும்பு அந்த மீசைக்குள்ள எங்கன இருக்குன்னு ஒன்னால கண்டுபிடிக்க முடிஞ்சுதா?