சிப்பு, டியூனரு, நடுவுல நான்

மூணு தடவ சோப்பு போட்டுட்டேங்கா, போகுதா பாருங்க இந்தக் கற! அந்த முனைய நல்லா இழுத்துப் புடிங்க... இன்னும் கொஞ்சம் பின்னால போங்க. ம், அவ்ளோதான். ஒத்த ஆளா போர்வ மடிக்கறதுக்குள்ள உசுரு போயிருது. நீங்க பாவம், ரெண்டு கிளிப்பு கேக்கத்தான் மாடிக்கு வந்தீங்க... தரேன் தரேன், இத மட்டும் மடிச்சிருவோம். நான் குடுத்த அந்தப் பிள்ளத் துணி மூட்டய கக்கத்துலயே வச்சுக்கங்க, கீழ வச்சிராதீங்க. தர ஈரம்.

எஞ்சின் எண்ணெய் அக்கா இது. பிள்ள படுக்குற போர்வ! இத வண்டிக்கு அடியில விரிச்சு அண்ணனும் தம்பியும் படுத்துக்கிட்டாங்க. படுத்துக்கிட்டே சண்ட. எங்க வீட்டுக்காரரு "சிப்பு"ங்கறாரு, கொழுந்தன் "டியூனரு"ங்கறாரு. ரெண்டு மாசமா எங்க வீட்ல வேற பேச்சே கெடையாது. ஒரு நாளு வேணும்னே கொழம்புல உப்பு போடாம வச்சுப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியல! தட்ட வழிச்சிட்டு எந்திரிச்சுப் போறாங்க.

நான் பேசவே மாட்டேங்கா. கூச்சம். நீங்க குடி வந்து நாலு நாளாச்சு, ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? புது ஆளப் பாத்தா எனக்கு வாயே வராது... நடுவுல புடிச்சு மடிங்க. ஆங்.

எல்லாம் அந்த ஏத்தத்தால வந்த வென. தெரு முக்குல செங்குத்தா இருக்கே, அதான். எங்க வீட்டுக்காரரு குழாய் வேல பாக்குறவரு. வண்டி மேல பைப்பு, பின்னால சாமான் பெட்டி, முன்னால நானும் பிள்ளயும். பழைய டீசல் வண்டி, பாதி ஏத்தத்துல மூச்சு வாங்கி நின்னுரும். நின்னதும் என்னத்தான் பாப்பாரு. பைப்ப எறக்க மாட்டாரு, பெட்டிய எறக்க மாட்டாரு. "நீ கொஞ்சம் எறங்கி நடந்து வாயேன்"பாரு. பிள்ள பெத்த ஒடம்பு, லேசா பூசினாப்புல ஆயிட்டேன்... அதுக்கு? பிள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு நடப்பேன், ரெண்டு பக்கமும் சன்னல்ல நின்னு பாப்பாங்க. சில நாளு வண்டிக்கு முன்னால நாந்தாங்கா வீடு வந்து சேருவேன்!

அதுக்குத்தான் வண்டிக்கு இழுவ கூட்டணும்னு கெளம்புனாங்க. சிப்புன்னா சின்ன டப்பா. எஞ்சின்ல வயரோட வயரா சொருகிரணும். வண்டிக்குள்ள மூள மாதிரி ஒண்ணு இருக்காமே, அதுகிட்ட "டீசல் பத்தல, பத்தல"ன்னு பொய் சொல்லுமாம். அது நம்பி இன்னும் ஊத்துமாம், வண்டி பாயுமாம். வேணாம்னா கழட்டி எறிஞ்சிரலாம். பொய் சொல்ற சாமானுக்கு எதுக்குங்க காசுன்னு கேட்டேன். மனசுக்குள்ளதான்.

டியூனரு அப்படி இல்லயாம். ஃபோனு மாதிரி கையில புடிக்கிறது, மூஞ்சியெல்லாம் இருக்கு, வெளிச்சம் வருது. ஸ்டேரிங்குக்கு கீழ ஒரு ஓட்ட, அதுல வயர மாட்டுனா, மூளையில இருக்கற பழைய எழுத்த எல்லாம் எடுத்து தனக்குள்ள பத்திரமா வச்சுக்கிட்டு, புதுசா எழுதிரும். பைப்பு ஏத்துனா ஒரு மாதிரி, ஏத்தலன்னா ஒரு மாதிரின்னு நாமளே மாத்திக்கலாம். ஆனா ஒரு வண்டியில மாட்டிட்டா வேற வண்டிய ஏறெடுத்தும் பாக்காது. கட்டிக்கிட்ட மாதிரி. எல்லாத்தயும் உள்ளயே வச்சுக்கும், வெளிய ஒண்ணும் சொல்லாது... எனக்கு அது மேல ஒரு பாசமே வந்துருச்சுன்னா பாருங்களேன்.

கொழுந்தன் ஒர்க்‌ஷாப்புல இருக்கறவரு, வெவரம் தெரிஞ்சவரு. அவரு பேச்சுதான் ஜெயிச்சுது. நீங்க சாமான் எறக்குனீங்களே, அதுக்கு மறுநாளு மாட்டுனாங்க.

செத்துருச்சுக்கா வண்டி. "கர்"ருன்னு ஒரு சத்தம் கூட இல்ல. லைட்டு மட்டும் எரியுது, கண்ண முழிச்சுக்கிட்டே படுத்திருக்கற நோயாளி மாதிரி. அன்னிக்கி கேட்டிருப்பீங்களே சத்தம்! "சிப்பு வாங்கிருந்தா கழட்டி எறிஞ்சிட்டு போயிருப்பேன்லடா!" கொழுந்தன் நிதானமாத்தான் சொன்னாரு, "பாதி எழுதறப்ப அறுந்திருக்குண்ணே, யாரோ புடுங்கியிருக்காங்க. இதே டியூனரு டப்பாவ திரும்ப மாட்டி பழைய எழுத்த ஏத்திட்டா எந்திரிச்சிரும்." இவரு கேட்டாத்தான? "யாருடா புடுங்குவா, பேயா? ஒனக்கு ஒழுங்கா மாட்டத் தெரியல. இனிமே என் வண்டியில கை வக்காத!"

கொழுந்தன் போனவருதான். மூணு நாளா வீட்டுப் பக்கம் வரல. தெனம் மத்தியானம் எங்க வீட்லதாங்கா சாப்புடுவாரு, வந்ததும் பிள்ளய தூக்கி தோள்ல ஒக்கார வச்சுக்குவாரு. அது கதவு தட்டுனாலே சிரிக்கும். இப்ப யாரு தட்டுனாலும் எட்டிப் பாத்துட்டு ஒதட்ட பிதுக்குது. இவரு பைப்ப தோள்ல தூக்கிக்கிட்டு நடந்து வேலைக்கு போறாரு. இன்னிக்கி நாலு மணிக்கு அந்த டியூனர கொண்டு போயி வாங்குன கட வாசல்லயே போட்டு ஒடச்சிட்டு, சிப்பு வாங்கிட்டு வரப் போறாராம். ஒடச்சா பழைய எழுத்தும் போச்சேக்கா! அதுக்குள்ளதான இருக்கு! அப்பறம் வண்டி வெறும் தகரம். தம்பியும் அவ்ளோதான், இந்தப் படி மிதிக்க மாட்டாரு.

மணி என்ன? மூணே முக்காலா? ஐயோ... போவாதீங்க, இன்னொரு போர்வ இருக்கு. முனைய புடிங்க.

யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? அன்னிக்கி ரெண்டு பேரும் அத மாட்டிட்டு, அது பாட்டுக்கு எழுதட்டும்னு டீ குடிக்கப் போயிட்டாங்க. பால்புட்டி பின் சீட்ல கெடக்கு, பிள்ள கத்துது. எடுக்கப் போனேன். டப்பா வெளிச்சம் போட்டுக்கிட்டு இருக்கு. மேல செவப்புல என்னமோ நீளமா எழுதியிருந்துச்சு. நான் அஞ்சாங்கிளாஸுக்கா, எழுத்துக் கூட்டறதுக்குள்ள விடிஞ்சிரும், நம்பருன்னா சட்டுனு தெரியும். அறுபத்திமூணு. பக்கத்துல ரெண்டு சுழியும் சாஞ்ச கோடும். ஃபோனுல சார்ஜு ஏறும்போது வருமே, அதே! வண்டியில ஃபோன சார்ஜு போட்டா பேட்டரி எறங்கிரும்னு அவரு என்ன எத்தன தடவ திட்டியிருப்பாரு... "கண்ணுல பட்டா ஒடனே புடுங்கிரு"ன்னு. கட்டுன புருஷன் சொன்னதாச்சே. அறுபத்திமூணு ஏறிருச்சே, போதும்னு நெனச்சு... புடுங்கிட்டேன்.

புடுங்கறேன், முன்னால இருக்கற லைட்டு அத்தனயும் ஒண்ணா எரியுது! பயந்து போயி அதே ஓட்டயில சொருகிட்டு ஓடியாந்துட்டேன். வாழ்க்கையில மொத தடவ சொன்ன பேச்ச அப்படியே கேட்டேங்கா. அதுக்கு இந்தக் கதி.

கொழுந்தன் "யாரோ புடுங்கியிருக்காங்க"ன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நிக்கிறேன், கையில பால்புட்டியோட. புட்டியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. காட்டிக் குடுக்கல. அம்புட்டு திட்டையும் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அத நெனச்சா எனக்கு சோறு எறங்கலக்கா... மூணு நாளா தனியா சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், வீட்டுக்காரரு மொகத்தப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்குது. ஒங்ககிட்ட வந்துருச்சே, அவருகிட்ட மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

அந்த மூட்டய கீழ வச்சிராதீங்கன்னு சொன்னேன்ல? மெதுவா... கனமா இல்ல? பிள்ளத் துணி எங்கயாவது அவ்ளோ கனக்குமா? டப்பா அதுக்குள்ளதாங்கா இருக்கு. அவரு எடுக்கறதுக்கு முன்னால நான் சுருட்டிக்கிட்டு மேல வந்துட்டேன்.

ஐயோ, கூப்புடறாரு! "டப்பாவ எங்க வச்ச"ன்னு கேக்கறாரு பாருங்க... இந்தா வர்றேங்க! அக்கா, எங்க நழுவறீங்க? கிளிப்பு வேணாமா? சரி சரி, மூட்டய மட்டும் குடுத்துட்டுப் போங்க... வர்றேங்கறேன்ல! இங்கதாங்க இருக்கு, என் கையிலதான் இருக்கு, ஒடைக்கக் கூடாது! மொதல்ல ஒங்க தம்பிக்கு ஃபோனப் போட்டு சாப்புட வரச் சொல்லுங்க! ஏன்னா... ஏன்னாங்க... அன்னிக்கி அத அறுபத்திமூணுல புடுங்குனது