ஃபேனுக்கடியில் பாடு வைத்த பிள்ளைகள்

தலைமையாசிரியை ஹேமாவதி அம்மா என்னை மன்னிக்க வேண்டும். பொன்னாடை வந்தது அவர்களுக்கு. கழுத்தை நீட்டியவன் நான்! கொண்டுவந்த ஆசிரியர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். குனிந்த தலையை என்ன செய்வதென்று தெரியாமல், செருப்பைத் தேடுகிறவன் போல அப்படியே நின்றேன். சிரித்தவர்கள் இன்னொரு தரமும் சிரிக்கலாம். கோட்டைக்குப்பம் கங்காதரனுக்கு மேடை புதுசு!

பொன்னாடைக்கு உரியவராய் அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அலையை அதட்டிய அதே குரலில் பிள்ளைகளையும் அதட்டி ஆளாக்கிய பெரியோர்களே! மீன்கூடையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வயல் வேலையை விட்டுவிட்டுத் திருப்பாலைவனத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! இன்று பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கப்போகும் நாற்பத்தொரு செல்வங்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

பெற்றோர் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் எட்டாவது. ஒன்பதாவதின் வாசல் எனக்குத் தெரியும். உள்ளே எத்தனை பெஞ்சு என்று தெரியாது. கண்ணப்பா, பின்னாலிருந்து கத்தாதே. நீ ஏழாவது!

என் சட்டைப் பையில் ஒரு படிவம் இருக்கிறது. என் மகள் செவ்வந்திக்குத் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மீனைப் பிடித்தோம். மீனைப் படிக்கலாம் என்று எங்களில் எவனுக்குத் தோன்றியது? விடுதியில் தங்க அப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளை கடைசி நாள். நான்கு நாளாக அது என்னிடமே இருக்கிறது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஃபேன் கதை!

இந்தப் பிள்ளைகள் ஒன்பதாவதில் இருந்தபோது வகுப்பில் ஓடியது ஒரே ஒரு ஃபேன். அதன் கீழே ஒரே ஒரு பெஞ்சு. அடிதடி வராதா? வந்தது! சட்டை கிழிந்தது, சாப்பாட்டு டப்பா நெளிந்தது. அப்போது இந்தப் பிள்ளைகள் யாரைக் கேட்டார்கள்? வாத்தியாரையா? இல்லை. ஹேமாவதி அம்மாவையா? இல்லை. ஏரியைக் கேட்டார்கள்!

வயல்காட்டுச் சொந்தங்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் விழுகிற இடம் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. உன் பாடு முடிந்தால் வலையை எடுத்துக்கொண்டு நீ ஒதுங்க வேண்டும். செவ்வந்தி பெயர்களைச் சீட்டில் எழுதினாள். டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். பெஞ்சுக்குப் பாடு வைத்துவிட்டாள்!

திருப்பாலைவனத்துப் பையன் சுபாஷ் தயங்கினானாம். "எங்க ஊர்ல பாடே கெடையாதே, எனக்கு எப்படிப் பங்கு?"

"உனக்கு வேர்க்குமா வேர்க்காதா? வேர்க்கும்னா பாடு உண்டு. குந்து!" என்றாளாம் செவ்வந்தி.

ஆண் என்று பார்க்கவில்லை, பெண் என்று பார்க்கவில்லை. கரை என்று பார்க்கவில்லை, கழனி என்று பார்க்கவில்லை. வேர்த்தவர்களுக்கெல்லாம் காற்று!

ஒருநாள் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். நேரே ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்தார். எதிரே நம் காவியா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "சார், இன்னிக்கு இது என் பாடு. ஒங்களுக்கும் வேணும்னா பேர் எழுதிப் போடுறோம். வெள்ளிக்கிழமை விழும்னு நெனைக்கிறேன்." ஹேமாவதி அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டதாம். அதிகாரி எழுந்தார், ஓரமாக நின்றார், கைக்குட்டை நனையும்வரை பாடம் கேட்டார்! கைதட்டுங்கள், எனக்கல்ல, அவருக்கு!

இப்போது என் கதை. "தூத்துக்குடியெல்லாம் தொலைவு, இங்கேயே பக்கத்தில் ஏதாவது படி" என்றேன். செவ்வந்தி கேட்டாள்: "ஏரியில பாடு யாருக்கு நைனா?"

"கல்யாணமான ஆம்பளைக்கு."

"அப்ப எனக்கு இன்னா?"

என் மனைவி பச்சையம்மா, "இப்ப சொல்லேன், ஊரே ஒன் பேச்சைக் கேக்குதுன்னு பீத்திக்கினியே!" என்றாள். செவ்வந்தி விடவில்லை. "அண்ணனை மெட்ராஸ்ல சேக்க ராத்திரியோட ராத்திரியா கௌம்பினியே, அது தொலைவில்லையா? அண்ணன் பாடு முடிஞ்சுது. இது என் பாடு. வலையைச் சுருட்டிக்கினு ஓரம் போ நைனா!"

சபையோரே, நான் ஓரம் போக வேண்டுமா, வேண்டாமா? சத்தமாகச் சொல்லுங்கள்! பெஞ்சுக்குப் பாடு வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரு பாடு இல்லையா? அதிகாரியே எழுந்து நின்ற இடத்தில் அப்பன் சட்டமாக உட்கார்ந்திருக்கலாமா? எழுந்துவிட்டேன், மகளே! எழுந்துவிட்டேன்! செவ்வந்தி, மேடைக்கு வா. இதோ உன் படிவம், கையெழுத்தோடு! நாற்பத்தொரு பேரும் போங்கள்! எந்த ஊரில் எந்த நாற்காலி காலியாக இருந்தாலும், "இது என் பாடு" என்று சொல்லி உட்காருங்கள்! பக்கத்தில் வேர்த்து நிற்கிறவனுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்!

என்ன செவ்வந்தி, காதோடு கேட்கிறாய்? எப்படியும் மைக்கில் விழுகிறது, சத்தமாகவே கேள்.

"கையெழுத்துப் போடத்தான் போறேன்னா, நாலு நாளா ஏன் நைனா அலையவுட்ட?"

யோசிக்க வேண்டாமா? எட்டாவது படித்தவனுக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும்!

பிழை பொறுத்த ஆசிரியப் பெருமக்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. பிள்ளைகள் போகும் திசையெல்லாம் நல்ல காற்று அடிக்கட்டும். வணக்கம்!

கைதட்டலோடு இறங்கினேன். மைக்கில் சொல்லாதது ஒன்று உண்டு. படிவம் வந்த அன்றைக்கே, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போன நேரத்தில், கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கொடுத்துவிட்டால் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவாள். கொடுக்காத நான்கு நாளும், வலைக்கும் படகுக்கும் "நைனா, நைனா" என்று என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.